சோற்றுப் பங்கு

வெள்ளிமலை,
30.8.1987

அன்புள்ள மாமாவுக்கு,

நாயகி எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கிளம்பிய அன்று உங்களிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று தேடினேன். விடிவதற்கு முன்பே மடை திருப்பப் போய்விட்டதாக அத்தை சொன்னார். அன்று நம் முறைத் தண்ணீர் இல்லை என்று எனக்கும் தெரியும்.

முந்தின நாள் நீங்கள் கேட்டது காதிலேயே இருக்கிறது. "ஊரான் வூட்டு சோத்த அளக்கப் போறியா? நம்ம வூட்டு சோத்த யார் ஆக்கறது?" இப்போது சொல்கிறேன்.

இது மூன்று மாத வேலை. ஒரு ஆளுக்கு நாளைக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு பருப்பு, கீரை, பால், எண்ணெய் வேண்டும் என்று படித்தவர்கள் ஆராய்ந்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். உழைக்கிற ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. மக்கள் நிஜமாகச் சாப்பிடுவது அதற்குக் கிட்டே வருகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. உலை வைப்பதற்கு முன்பே தராசோடு போய், சமைக்கப்போவதை எல்லாம் நிறுத்துக்கொள்கிறோம். சாப்பிட்டு முடித்ததும் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று கிண்ணத்தை வைத்துக் கேட்டுக்கொள்கிறோம். அவ்வளவுதான்.

தை மாதம் நம் பிள்ளை பிறந்து ஒரு வாரம்கூட இருக்காமல் போனதே, அன்று டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "நீ என்னம்மா சாப்பிடுற?" என்று கேட்டார். எல்லாரும் சாப்பிடுவதுதான் என்றேன். "அதான் என்ன?" என்று திரும்பவும் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தை எழுந்து வெளியே போய்விட்டார். நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்தீர்கள். கள்ளக்குறிச்சியில் இந்த வேலைக்கு ஆள் எடுத்தபோது, அந்தக் கேள்வியையே வீடு வீடாகப் போய்க் கேட்கிற வேலை என்று தெரிந்தது. உடனே பெயர் கொடுத்தேன். உங்களோடு மல்லுக்கு நிற்பதற்காக அல்ல.

அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
நாயகி


கச்சிராயபாளையம்,
7.9.1987

அன்புள்ள பெரியநாயகிக்கு,

கடிதம் வந்தது. அம்மா சுகம். மாடு சுகம். நீ இல்லாமலும் வீடு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டாக்டரம்மா கேட்ட இடம் வந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்கள். பிள்ளை போனது நம் தலைவிதி. அதைத் தராசில் வைத்து நிறுப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே வேறு செய்தி. சங்கத்தில் பதினேழாம் தேதி முதல் சாலை மறியல் என்று முடிவாகியிருக்கிறது. இட ஒதுக்கீட்டில் நம் சனத்துக்கு உரிய பங்கு வேண்டும் என்று கேட்கிறோம். நானும் போகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு எத்தனை மனு போட்டேன் என்று உனக்குத் தெரியும். மக்கள் தொகையில் இத்தனை பேர் இருக்கிறோம், வேலையில் எங்கே இருக்கிறோம்? போட்டதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் கடைசி வரைக்கும் மிச்சம் மீதிதான் கிடைக்கும். அம்மா போக வேண்டாம் என்கிறார்கள். கேட்பதாக இல்லை.

மலையில் பனி ஜாஸ்தி. தலைக்குத் துணி கட்டிக்கொண்டு போ. ஊறுகாய் ஜாடி எங்கே வைத்திருக்கிறாய்? அம்மாவுக்கும் தெரியவில்லை.

தங்கதுரை


வெள்ளிமலை,
13.9.1987

அன்புள்ள மாமாவுக்கு,

ஊறுகாய் ஜாடி குதிருக்குப் பின்னால் இருக்கிறது. பூனைக்குப் பயந்து அங்கே வைத்தேன்.

மறியலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கேட்பது நியாயம்தான். ஆனால் முன்னால் ஓடி நிற்காதீர்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது.

நேற்று சடையன் என்பவரின் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி சாலம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு கிண்ணத்தைக் கொடுத்து ஒவ்வொருவராகக் கேட்டேன். சாலம்மாளின் முறை வந்தபோது சடையன் முந்திக்கொண்டு, "அவளும் எங்களப் போலத்தாம்மா. அவளுக்கு என்ன கொறச்சல்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை மாமா. அப்படியேதான் நம்புகிறார். சாலம்மாள் சிரித்துக்கொண்டு சட்டியைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை வழித்தால் கால் கிண்ணம் வரும். "இதுல நான் பாத்துக்குவேன். பத்தலன்னா கீரை இருக்குது" என்றாள். வழியில் கொத்தாகக் கிள்ளி வந்து உப்புப் போட்டு வேகவைத்திருந்தாள்.

அட்டவணையில் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகம் சொல்லியிருக்கிறது. அது கீரை. பெண்களுக்கு ரத்தம் குறைவதால் அப்படி. அதில் மட்டும் இந்த மலைப் பெண்கள் பலர் தேறிவிடுகிறார்கள். பருப்பிலும் பாலிலும் எண்ணெயிலும் ஆணும் தேறவில்லை, பெண்ணும் தேறவில்லை. தானியத்தில் ஆண்கள் ஏறக்குறைய கிட்டே வருகிறார்கள். பெண்கள் அதற்கும் கீழே. எங்கள் வேலையை மேற்பார்வை பார்க்கிற மேடம், கீழ்நாட்டில் கழனி வைத்திருக்கிற வீடுகளிலும் இதே கதைதான் என்கிறார். அங்கே பெண்களுக்கு இந்தக் கீரையும் இல்லை என்கிறார்.

சாலம்மாள் சட்டியைச் சாய்த்த விதம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. மேலே எழுதத் தோன்றவில்லை.

நாயகி


வெள்ளிமலை,
27.9.1987

அன்புள்ள மாமாவுக்கு,

பத்து நாளாகப் பஸ் இல்லை. ரோடெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது என்று கீழிருந்து நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். எந்த ஊர், யார் யார் என்று சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை. இன்றுதான் முதல் பஸ் ஏறி வந்தது. கண்டக்டர் கச்சிராயபாளையத்துக்காரர். உளுந்தூர்பேட்டை ரோட்டில் உங்களைப் போலீஸ் வேனில் ஏற்றினதைப் பார்த்ததாகச் சொன்னார். நடந்து போய் ஏறினாரா, தூக்கி ஏற்றினார்களா என்று கேட்டேன். நடந்துதான் ஏறினார் என்றார். அதற்கப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எந்த ஜெயில் என்று தெரியவில்லை. இதை வீட்டு விலாசத்துக்குத்தான் போடுகிறேன். யாராவது உங்களிடம் சேர்ப்பார்கள்.

அடி ஏதும் பட்டதா? அத்தை தனியாக இருப்பார். போய்ப் பார்க்கிறேன். என்னிடம் கோபம் இருந்தாலும் இரண்டு வரி எழுதுங்கள்.

நாயகி


மத்தியச் சிறை, கடலூர்,
5.10.1987

அன்புள்ள நாயகிக்கு,

உன் கடிதத்தைத் தங்கச்சி வீட்டு மச்சான் கொண்டுவந்து கொடுத்தான். அடி பெரிதாக ஒன்றும் இல்லை. தோளில் ஒரு லத்தி. வீக்கம் வற்றிவிட்டது. இந்தக் கடிதத்தை இங்கே ஒரு ஐயா படித்துவிட்டுத்தான் அனுப்புவார். அதனால் எழுத நினைப்பதையெல்லாம் எழுத முடியவில்லை. நீயே புரிந்துகொள்.

நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் ஒரே கொட்டடியில் இருக்கிறோம். வந்த புதிதில் கோஷம் போட்டோம், சிரித்தோம். நாள் போகப் போக எல்லாருக்கும் வீட்டு நினைப்பு வந்துவிட்டது. மதியம் பட்டைச் சோறு. அச்சில் அழுத்திக் கட்டியாகத் தட்டில் தட்டுவார்கள். பெரியவனுக்கும் சின்னவனுக்கும் அதே அச்சு. என் பசிக்கு அது காணவில்லை.

குழம்பு ஊற்றுவதை நாங்களே முறை வைத்துச் செய்கிறோம். போன வாரம் என் முறை. வரிசையில் வருகிறவன் ஒவ்வொருவனும் முகத்தைப் பார்க்கிறான். கொஞ்சம் கெட்டியாக ஊற்று என்று கண்ணாலேயே கேட்கிறான். நானும் துழாவித் துழாவி ஊற்றினேன். எல்லாரும் உட்கார்ந்த பிறகு அண்டாவைப் பார்த்தால் தண்ணீர்தான் நின்றது, நாலு பருப்பு. அதை ஊற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர், "பரிமார்றவனுக்கு எப்பவும் இதான்பா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

எனக்கு அந்த ஒரு வாரம்தான் முறை. அதன் பிறகு வேறொருவன் வந்துவிட்டான்.

ராத்திரி உன் பழைய கடிதத்தை நினைத்துக்கொண்டே கிடந்தேன். மலைப் பெண் சட்டியைச் சாய்த்துக் காட்டினாள் என்று எழுதினாய். மேலே எழுதத் தோன்றவில்லை என்றும் எழுதினாய். இப்போது எழுது. டாக்டரம்மா கேட்டதையே நான் கேட்கிறேன். நம் வீட்டில் நீ என்ன சாப்பிட்டாய்? இத்தனை நாள் எதிரிலேயே இருந்தவன் இதை ஜெயிலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது.

தங்கதுரை


வெள்ளிமலை,
13.10.1987

அன்புள்ள மாமாவுக்கு,

கேட்டீர்கள். சொல்கிறேன். கோபமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

காலையில் பழையது, இருந்தால். மதியம் கழனிக்குக் கட்டிக் கொடுத்தது போக நிற்பது. பெரும்பாலும் சோறு இருக்கும், குழம்பு இருக்காது. மிளகாயைக் கிள்ளிப்போட்டு மோரை ஊற்றிக்கொள்வேன். ராத்திரி நீங்கள் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு தரம் கேட்டு வாங்கினால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அன்றைக்கு எனக்கும் அத்தைக்கும் ரசம். முட்டை வாங்கினால் உங்களுக்கு. பால் சொசைட்டிக்குப் போகும், உங்களுக்கு ஒரு டம்ளர் நிற்கும், நாங்கள் வரக்காப்பி குடிப்போம். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் அப்படியேதான். யாரும் எனக்குப் போடாதே என்று சொன்னதில்லை. அத்தையும் சொன்னதில்லை. அவர் எப்படிச் சாப்பிட்டாரோ அப்படி நானும் சாப்பிட்டேன். சாப்பிட்டாயா என்று நீங்கள் கேட்டதுண்டு. ஆச்சு என்பேன். என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பங்கு கேட்டு ரோட்டுக்குப் போனவர் நீங்கள். உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கூழை வாங்கி வைத்திருந்தார் அத்தை. ஏன் சமைக்கவில்லை என்றேன். "எனக்கு ஒருத்திக்கின்னு யாராவது அடுப்பு பத்த வைப்பாங்களா?" என்றார். நீங்கள் போனதிலிருந்து அப்படியே இருந்திருக்கிறார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பருப்பு வேகவைத்து, பெண்ணுக்குத்தான் கீரை அதிகம் வேண்டும் என்று சொல்லி முருங்கைக்கீரை வதக்கினேன். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தானாகவே, டாக்டரம்மா பேச்சை எடுத்தார். "நான் ஆறு பெத்தேன். இப்படித்தான் துன்னேன். ரெண்டுதான் தங்குச்சி" என்றார். சொல்லி முடித்துவிட்டு, யாரோ சொல்லக் கேட்டவரைப் போல என்னைப் பார்த்தார்.

எனக்கு அவர் மீது ஒரு வருத்தம் இருந்தது. அது அங்கேயே போய்விட்டது.

நாயகி


மத்தியச் சிறை, கடலூர்,
21.10.1987

அன்புள்ள நாயகிக்கு,

உன் கடிதம் வந்த அன்று மதியம் தட்டைத் தொடவில்லை. பெரியவர்தான், நீ பட்டினி கிடந்தால் அவள் வயிறா நிறையும் என்று திட்டினார். அப்புறம் சாப்பிட்டேன்.

நம் பிள்ளையின் கை நினைவுக்கு வருகிறது. என் விரலைப் பிடிக்கப் பார்த்தான், பிடிக்கத் தெம்பில்லை. தலைவிதி என்று உனக்கு எழுதினேன். அப்படி எழுதிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை பார்.

கடிதங்களைப் படித்து அனுப்புகிற ஐயா நேற்று என்னைக் கூப்பிட்டார். ஏதோ தவறாக எழுதிவிட்டேன் என்று பயந்துகொண்டு போனேன். அவர் குரலைத் தாழ்த்தி, "பொம்பளைக்குக் கீரை ஜாஸ்தி வேணும்னு உன் சம்சாரம் எழுதுதே, நெசமா?" என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். அவர் வீட்டம்மாவுக்கு அடிக்கடி தலைசுற்றல் வருகிறதாம்.

அட்டவணையில் உன் வயசுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை நீ சாப்பிடு. உன் சம்பளம் உன் கையில் இருக்கிறது. வீட்டுக்கென்று மிச்சம் பிடிக்காதே. ஜாமீன் சீக்கிரம் கிடைக்கும் என்கிறார்கள். வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல்.

தங்கதுரை


வெள்ளிமலை,
31.10.1987

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தையும் அந்த ஐயா படிப்பார். படிக்கட்டும். நல்ல செய்திதான்.

நான் முழுகாமல் இருக்கிறேன். வந்தபோது எனக்குத் தெரியாது. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். சாமை வேகிற வாசனைக்கு எழுந்து ஓடியதைப் பார்த்து சாலம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். கரியாலூரில் நர்ஸம்மாவும் உறுதியாகச் சொல்லிவிட்டார். உங்களிடம் நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டீர்கள், அதனால் இப்போதே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

பயமாக இருக்கிறது மாமா. பிள்ளை உண்டான சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வருகிறது. பகலில் வேலையில் மறந்துவிடுகிறேன். படுத்தால் தை மாதம் வந்துவிடுகிறது.

மேடம் ஒரு நாள் வேலை முடிந்ததும் என்னை உட்காரவைத்து, நான் சாப்பிடுவதையே நிறுத்துப் பார்த்தார். கர்ப்பிணிக்குச் சொல்லியிருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஊரையே நிறுத்துவிட்டு வந்தவள், தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன். அன்றிலிருந்து தினம் ஒரு முட்டை, இரண்டு வேளை பருப்பு, சாலம்மாள் கொடுக்கிற கீரை. இரும்பு மாத்திரை நர்ஸம்மா தந்தார். வாந்தி எடுத்தால் திரும்பவும் சாப்பிடுகிறேன்.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வேலை முடிந்ததும் நம் வீட்டுக்குத்தான் வருவேன். அம்மா வீட்டுக்குப் போகமாட்டேன். ஆனால் கடைசியாகச் சாப்பிட வரமாட்டேன். பிள்ளைக்காக இந்தப் பத்து மாதத்துக்கு மட்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் சாப்பிடும்போது அத்தை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் என்னால் இன்னொரு முறை பார்க்க முடியாது. அவர் நின்றால் எனக்கு இறங்காது. இதை உங்களால் செய்ய முடியுமா என்று யோசித்துச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முடியாது என்றே எழுதுங்கள். முடியும் என்று எழுதிவிட்டு மறந்துவிடாதீர்கள்.

நாயகி


கச்சிராயபாளையம்,
12.11.1987

அன்புள்ள நாயகிக்கு,

ஜாமீனில் வெளியே வந்துவிட்டேன். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது அந்த ஐயா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. படித்த பிறகுதான் புரிந்தது. கொட்டடியில் யாரிடமும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துப் பெரியவர் கண்டுபிடித்துவிட்டார்.

உடனே பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. முடியும் என்று வெறும் காகிதத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாளாவது செய்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

வந்த அன்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு நேராக அடுப்பைப் பற்றவைக்கப் போனார்கள். உன் விஷயத்தைச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விறகை ஊதினார்கள். சோறு, துவரம்பருப்புக் குழம்பு, தண்டுக்கீரை. தட்டை எனக்கு முன்னால் வைத்தபோது எழுந்து போய்க் கரண்டியை வாங்கினேன். நீ உட்கார், நான் போடுகிறேன் என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்தார்கள். இல்லை என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"ஆம்பள பரிமாறி நான் துன்றதா? ஊர் இன்னா பேசும்?"

"ஊரு எங்க பாக்குது. நான் கதவ சாத்திட்றேன்."

சாத்தினேன். அப்புறமும் நின்றார்கள். ஜெயிலில் நான் பரிமாறின கதையைச் சொன்னேன். அண்டாவில் கடைசியில் என்ன நின்றது என்பதையும் சொன்னேன். நாயகியும் பிள்ளையும் இந்த வீட்டுக்கு வர வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். அதைக் கேட்டதும் உட்கார்ந்தார்கள். எனக்கு முன்னால் சாப்பிடக் கூச்சம். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். நானும் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். இருவர் முதுகும் ஒட்டிக்கொண்டிருந்தது. எலும்பு தெரிந்தது நாயகி. என்னைச் சுமந்த முதுகு இவ்வளவுதான் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

சாப்பிடுகிறார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை. தட்டில் விரல் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. எழுந்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"இன்னும் ஒரு கரண்டி போடு" என்றார்கள்.

முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிப் போட்டேன். பார்த்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே வருகிறேன்.

தங்கதுரை